பதிவேட்டில் இல்லையென்றால் அவர் போருக்கே போகவில்லையா?

நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். வீட்டில் ஒரு பட்டாளத்துக்காரர் இருந்தால், பொறுமை இல்லாவிட்டாலும் படியுங்கள்.

33 வருஷம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். 1971 போரைப் பற்றி எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. டிசம்பர் 3 தொடக்கம், டிசம்பர் 16 டாக்காவில் சரண், 93,000 பேர் கைதிகள், வங்கதேசம் என்ற புதிய நாடு. மாணவர்கள் மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கினார்கள். அந்த ஐந்து மதிப்பெண் பாடத்துக்குள் நேரில் போய் வந்த ஒரு மனிதர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவர் போனாரா இல்லையா என்று 40 வருஷத்துக்கு மேலாக ஒரு அலுவலகம் யோசித்துக்கொண்டிருக்கிறது.

வேலூர்ப் பக்கத்து ஊர்களைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவர் பட்டாளம். எங்கள் தெருக்காரர் 1964-ல் சேர்ந்தார், 1980-ல் நாயக் பதவியில் ஓய்வு பெற்றார். ராணுவ ஓட்டுநர். இப்போது வயது 80. நான் 'அண்ணே' என்பேன், அவர் 'டீச்சரம்மா' என்பார். அவருடைய மூன்று பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள். பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். "பேரு முக்கியமில்ல டீச்சரம்மா, விஷயம் முக்கியம்" என்றார். எந்த அலுவலகம் என்றும் எழுதப்போவதில்லை. ஒரு குமாஸ்தாவைத் திட்டி நாலு லைக் வாங்குவதற்காக இதை எழுதவில்லை.

விஷயம் இதுதான். 1971 போரில் கிழக்குப் போர்முனையில் பணியாற்றியவர்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்கில் பணியாற்றியவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார் என்று அரசு பதக்கம் வைத்தது. இவை வீரதீரச் செயலுக்கான விருதுகள் அல்ல. பரம்வீர் சக்ரா, வீர் சக்ரா மாதிரி தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. அந்த நாட்களில் அந்த மண்ணில் கடமையில் இருந்தாயா, இந்தா உன் பதக்கம், அவ்வளவுதான். பள்ளிக்கூட பாஷையில் சொன்னால், பரிசுக் கோப்பை அல்ல, வருகைப் பதிவு.

அண்ணனின் டிஸ்சார்ஜ் புக்கில் பதக்கங்களுக்கான பக்கத்தில் சங்கிராம் பதக்கம் இருக்கிறது. சுதந்திர வெள்ளிவிழாவை ஒட்டி 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பதக்கம் இருக்கிறது. ஒன்பது வருட நீண்டகாலச் சேவைப் பதக்கம் இருக்கிறது. பூர்வி ஸ்டார் மட்டும் இல்லை.

ஏன் இல்லை? இங்கேதான் கதை. ராணுவத்தில் மருத்துவப் பிரிவின் ஆம்புலன்ஸ்களை ஓட்டுவது மருத்துவப் பிரிவுக்காரர்கள் அல்ல. வேறு பிரிவு ஓட்டுநர்களை அங்கே இணைப்பில் அனுப்புவார்கள். நம் பக்கம் 'டெபுடேஷன்' என்போமே, அந்த மாதிரி. சம்பளம், சாப்பாட்டுக் கணக்கு, பதிவேடு எல்லாம் தாய் யூனிட்டில். ஆள் மட்டும் வேறு இடத்தில். அண்ணனுடைய யூனிட் மேற்கு வங்கத்தில் பின்தளத்தில் இருந்தது. அவர் ஆம்புலன்ஸோடு திரிபுராவில், அகர்தலா எல்லையில். லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா உயிரைக் கொடுத்து பரம்வீர் சக்ரா பெற்ற கங்காசாகர் சண்டை நடந்த அதே அகௌரா பக்கம். அங்கிருந்து காயம்பட்டவர்களை ராத்திரியில் விளக்குப் போடாமல் வண்டியில் ஏற்றி வந்தவர் இவர். போர் முடிந்து தாய் யூனிட்டுக்குத் திரும்பினார். யார் யாருக்கு எந்தப் பதக்கம் என்று பட்டியல் போட்டபோது, தாய் யூனிட் தன்னோடு பின்தளத்தில் இருந்தவர்களின் கணக்கைப் போட்டது. ஆம்புலன்ஸ் யூனிட் தன் ஆட்களின் கணக்கைப் போட்டது. நடுவில் இருந்தவர் நடுவிலேயே விழுந்துவிட்டார்.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, ஒத்துக்கொள்கிறேன். போர்க்காலம், எழுதுகிறவனும் மனிதன்தான். நான் சண்டை போடுவது அன்று நடந்த தவறோடு அல்ல. அதைத் திருத்தக் கேட்டபோது இன்று வரை வரும் பதில்களோடு.

ராணுவத்தில் ஒருவர் வாழ்க்கையில் நடப்பதெல்லாம் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற தினசரி உத்தரவில் ஏறும். சேர்ந்தது, மாற்றலானது, லீவில் போனது, கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, பதக்கம் பெற்றது, எல்லாம். யூனிட் எழுதி அனுப்பும். ஆவண அலுவலகம் அதை அவருடைய ஷீட் ரோலில் ஏற்றும். பார்ட் டூவில் ஏறாதது நடக்கவில்லை என்று அர்த்தம். கல்யாணம் ஏறவில்லையென்றால் மனைவி மனைவி இல்லை. குழந்தை ஏறவில்லையென்றால் குழந்தை பிறக்கவில்லை. கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காகக் கலெக்டர் ஆபீஸ் படியேறும் எத்தனையோ அம்மாக்களின் கண்ணீருக்குப் பின்னால் இந்த ஒரு வரிதான் இருக்கிறது. 'முனியம்மா'வா 'முனியம்மாள்'ஆ என்பதில் ஒரு எழுத்து மாறினாலும் போச்சு.

இனி பதில்களுக்கு வருகிறேன். 1980-ல் ஓய்வு பெறும்போதே அண்ணன் கேட்டிருக்கிறார். "ஊருக்குப் போங்க, தபால்ல வரும்" என்றார்கள். வரவில்லை. எழுதிக் கேட்டார். 2014-ல் இருந்து அவருக்காக ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலையானது. இதுவரை ஆறு கடிதம். மூன்றுக்குப் பதில் வந்தது.

முதல் பதில்: உங்கள் ஷீட் ரோலில் இந்தப் பதக்கம் பற்றிய பதிவு இல்லை, எனவே வழங்க இயலாது.

இரண்டாவது பதில்: பதக்கத்துக்கான பார்ட் டூ ஆர்டர் நகலை அனுப்பினால் பரிசீலிக்கப்படும்.

மூன்றாவது பதில்: நீங்கள் பணியாற்றிய யூனிட்டை அணுகவும். அணுகினோம். யூனிட்டிலிருந்து மரியாதையாகவே பதில் வந்தது: அந்தக் காலத்து ஆவணங்கள் எங்களிடம் இல்லை, ஆவண அலுவலகத்தை அணுகவும்.

வட்டம் முழுமை அடைந்துவிட்டது. வடிவியல் ஆசிரியர் இருந்தால் கைதட்டியிருப்பார்.

முதல் பதிலை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். 'பதிவு விட்டுப்போயிருக்கிறது, சேருங்கள்' என்பது மனு. 'பதிவு இல்லை' என்பது பதில். பதிவு இல்லை என்பது எங்களுக்குத் தெரியாமலா மனுப் போட்டோம்? 'என் விடைத்தாளில் ஏழாம் பக்கத்தைக் கூட்டவில்லை சார்' என்று ஒரு பையன் வந்தால், மதிப்பெண் பட்டியலைப் பார்த்து 'அதில் அந்த மதிப்பெண் இல்லையேப்பா' என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா? விடைத்தாளை எடு என்பார். நம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விடைத்தாள் நகல் கேட்கும் உரிமை இருக்கிறது, மறுகூட்டல் இருக்கிறது, மறுமதிப்பீடு இருக்கிறது. 17 வயதுப் பிள்ளை ரெண்டு மதிப்பெண்ணுக்காகக் கேட்டால் அரசு தாளை எடுத்துப் பார்க்கிறது. 80 வயதுக்காரர் கேட்டால் பட்டியலைக் காட்டுகிறது.

இரண்டாவது பதில் அதைவிட அழகு. பார்ட் டூ ஆர்டர் யாரிடம் இருக்கும்? எழுதிய யூனிட்டிடமும் வாங்கி வைத்த ஆவண அலுவலகத்திடமும்தான். சிப்பாய் கையில் அதைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் கிடையாது. பூட்டும் சாவியும் தன்னிடம் வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் இருப்பதை எடுத்துவா என்பதற்கு என்ன பெயர் வைப்பது?

சரி, அவரிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. அவர் மனைவி ஒரு டிரங்குப் பெட்டியில் 50 வருஷத்துக்கு மேல் பத்திரப்படுத்திய இன்லண்ட் லெட்டர்கள். அனுப்புநர் முகவரியில் அவர் எண், பதவி, இணைக்கப்பட்ட ஆம்புலன்ஸ் யூனிட்டின் பெயர், '99 ஏ.பி.ஓ.' பட்டாளத்துக் குடும்பங்களுக்குத் தெரியும்: 56 ஏ.பி.ஓ. என்றால் வடக்கு, மேற்கு, 99 ஏ.பி.ஓ. என்றால் கிழக்கு. மேலே களத் தபால் நிலையத்தின் முத்திரை, 1971 டிசம்பர் தேதியோடு. உள்ளே என்ன எழுதியிருக்கிறார்? நலம், வண்டி ஓடுகிறது, மாட்டை விற்காதே, அம்மாவுக்கு மருந்து வாங்கு. எந்த ஊரில் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை.

ஏன் இல்லை? எழுதக்கூடாது என்பது ராணுவ விதி. மனைவியிடம்கூட இடத்தைச் சொல்லாமல் அந்த விதிக்குக் கீழ்ப்படிந்தார். இன்று அதே அரசு கேட்கிறது: எந்த இடத்தில் இருந்தாய், எழுத்தில் ஆதாரம் காட்டு! விதியை மீறியவனிடம் ஆதாரம் இருக்கும், கீழ்ப்படிந்தவனிடம் இருக்காது. இது நியாயமா? என்னிடம் படித்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகூட இதற்குப் பதில் சொல்லும்.

இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம் நாலு விதமான மறுப்பு வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

முதலாவது: "வெறும் தகரம்தானே, அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? கடையில் கிடைக்கிறது, வாங்கிக் குத்திக்கொள்ளலாமே." கிடைக்கிறது, தெரியும். அண்ணனுக்கும் தெரியும். மகன்கூட வாங்கித் தருகிறேன் என்றான். "புக்குல இல்லாதத நெஞ்சுல குத்துறவன் திருடன்டா" என்று சொல்லிவிட்டார். அவருக்கு வேண்டியது உலோகமே அல்ல, டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் மனு. தகரம் என்று ஏளனம் செய்பவர்களிடம் ஒரு கேள்வி: உங்கள் பட்டச் சான்றிதழ் வெறும் காகிதம்தானே? ஜெராக்ஸ் கடையில் ஒன்று அடித்துக்கொண்டால் போகாதா?

இன்னொன்றும் சொல்கிறேன். இந்தப் பதிவேடு பதக்கத்தை மட்டும் தாங்கவில்லை. போரில் எதிரியின் தாக்குதலால் காயம்பட்டவர் என்று பதிவானால் போர்க்காய ஓய்வூதியம், அப்படிப் பதிவாகாவிட்டால் குறைந்த தொகையில் ஊன ஓய்வூதியம். ஒரே காயம், ஒரே கால், எழுத்து மட்டும் வேறு. ஒருவருக்குப் பதக்கத்தை விழுங்கிய அதே ஓட்டை இன்னொருவருக்குச் சோற்றை விழுங்குகிறது. தகரம் என்று சிரிப்பவர்கள் அந்த ஓட்டையைப் பார்க்க மறுக்கிறார்கள்.

இரண்டாவது: "காலம் கடந்துவிட்டது. 50 வருஷத்துக்கு முந்தைய கதையை இப்போது எப்படிச் சரிபார்ப்பது?" கேட்டது 1980-ல். காலத்தைக் கடத்தியது யார்? மனுவை ஊறப்போட்டுவிட்டு, ஊறிவிட்டது என்று தள்ளுவது எந்த ஊர் நியாயம்?

மனம் இருந்தால் காலம் ஒரு தடையே இல்லை என்பதற்கு உலகத்தில் உதாரணங்கள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் ஆர்க்டிக் கடல் வழியாக சோவியத் ரஷ்யாவுக்குச் சரக்குக் கப்பல்களைக் காத்துக் கூட்டிப்போன மாலுமிகளுக்கு பிரிட்டன் தனிப் பதக்கம் கொடுக்கவில்லை. கிழவர்கள் விடாமல் கேட்டார்கள். 2013-ல் 'ஆர்க்டிக் ஸ்டார்' என்று புதிதாகவே ஒரு பதக்கம் கொடுத்தார்கள். போர் முடிந்து 68 வருஷம்! இறந்தவர்களின் குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அங்கே இல்லாத பதக்கத்தையே உருவாக்கினார்கள். இங்கே இருக்கிற பதக்கத்தை எழுத மாட்டேன் என்கிறோம்.

அமெரிக்காவில் பாரிஸ் டேவிஸ் என்று ஒரு கறுப்பின ராணுவ அதிகாரி. 1965 ஜூன் மாதம் வியட்நாமில் போங் சோன் என்ற இடத்தில், தானே காயம்பட்டும், தன் ஆட்களை மீட்காமல் வரமாட்டேன் என்று நின்றவர். அந்நாட்டின் மிக உயர்ந்த மெடல் ஆஃப் ஹானர் விருதுக்கு அவரைப் பரிந்துரைத்தார்கள். பரிந்துரைக் கோப்பு காணாமல் போனது. திரும்பவும் தயாரித்தார்கள், அதுவும் போன இடம் தெரியவில்லை. கூட இருந்த வீரர்கள் விடவில்லை, வருஷக்கணக்காகப் போராடினார்கள். 2023 மார்ச் 3 அன்று, 83 வயதில், வெள்ளை மாளிகையில் அதிபர் பைடன் அவர் கழுத்தில் அந்த விருதை அணிவித்தார். கோப்பு தொலைந்தது என்பது அவர் செய்த காரியத்தை அழித்துவிடவில்லை. தொலைத்தவர்கள்தான் 58 வருஷம் கழித்தாவது தலை குனிய வேண்டியிருந்தது.

மூன்றாவது மறுப்பு: "பழைய ஆவணங்கள் அழிந்துவிட்டன, அலுவலகம் என்ன செய்யும்?" இது உண்மையாகவே கஷ்டமான கேள்வி. ஓய்வூதியம் இல்லாமல் வெளிவந்தவர்களின் ஆவணங்களை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடலாம் என்று விதியே இருக்கிறது. அப்படிப்பட்டவர்களின் நிலை அண்ணனைவிட மோசம். 1971 போர் தொடர்பான கிழக்குக் கமாண்டின் ஆவணங்கள் பல அழிக்கப்பட்டுவிட்டன என்று 2010-ல் நாளேட்டில் செய்தி வந்து பரபரப்பானதும் பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் அமெரிக்காவைப் பாருங்கள். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரத்தில் ராணுவ ஆவணக் காப்பகம் தீப்பிடித்தது. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரை கோப்புகள் சாம்பல். 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து வெளிவந்தவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் போயே போய்விட்டது. 'எரிந்துவிட்டது, போய் வாருங்கள்' என்று சொல்லவில்லை. சம்பளப் பட்டியல், யூனிட்டுகளின் தினசரி அறிக்கை, மருத்துவமனைச் சேர்க்கை, முன்னாள் வீரர் நலத்துறைக் கோப்பு என்று பக்கத்து இடங்களிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்து இன்று வரை மறுபடி கட்டுகிறார்கள். அது தவிர, ராணுவ ஆவணத்தில் தவறோ அநியாயமோ இருந்தால் திருத்துவதற்கென்றே அங்கே தனி வாரியம் இருக்கிறது, 1946-ஆம் வருடச் சட்டத்தால் வந்தது. மூன்று வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது விதி. நீதிக்காக அந்தக் கெடுவைத் தளர்த்தலாம் என்பதும் விதி.

அமெரிக்கா ஒன்றும் சொர்க்கம் அல்ல. அங்கேயும் அலைகிறார்கள், அங்கேயும் காத்திருந்தே செத்தவர்கள் உண்டு. ஆனால் கதவு என்று ஒன்று இருக்கிறது, அதன் மேல் 'திருத்தம்' என்று எழுதியிருக்கிறது. இங்கே நாங்கள் சுவரைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

அண்ணன் விஷயத்தில் அழிந்துவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் ஓய்வூதியம் வாங்குபவர். கோப்பு இருக்கிறது. மாதாமாதம் பணம் அதை வைத்துத்தான் வருகிறது. அவர் இணைப்பில் போனதற்கும் திரும்பியதற்கும் அதில் பதிவு இருக்க வேண்டும். அந்தத் தேதிகளை எடுத்து, அதே தேதிகளில் அந்த ஆம்புலன்ஸ் யூனிட் எங்கே இருந்தது என்று போர் நாட்குறிப்போடு பொருத்திப் பார்த்தால் ஒரு மத்தியான வேலை. 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகமே ஒரு கொள்கை அறிவித்தது: போர் நாட்குறிப்புகள் உள்ளிட்ட ஆவணங்களை வரலாற்றுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும், சாதாரணமாக 25 வருஷத்தில் ரகசியம் நீக்க வேண்டும் என்று. வரலாறு எழுத அந்த நாட்குறிப்பு உதவும் என்றால், அந்த வரலாற்றில் வண்டி ஓட்டியவருக்கு ஏன் உதவக்கூடாது?

நான்காவது: "எல்லோருக்கும் திறந்துவிட்டால் பொய் சொல்லி வாங்குவார்கள்." இது நியாயமான பயம். மறுக்கமாட்டேன். வாங்காத பதக்கத்தை வாங்கியதாகச் சொல்லித் திரிபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் அதற்கென்றே 2006-ல் சட்டம் போட்டார்கள், 2012-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, 2013-ல் வேறு வடிவில் மறுபடி கொண்டுவந்தார்கள். ஆகவே சரிபாருங்கள், கேள்வி கேளுங்கள், கடுமையாகவே விசாரியுங்கள். நாங்கள் கேட்பதும் அதைத்தானே! விசாரித்துவிட்டு இல்லை என்று சொன்னால் அண்ணன் தலைவணங்குவார். விசாரிக்காமலே இல்லை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. காப்பி அடிப்பவன் இருக்கிறான் என்பதற்காக யாருடைய தாளையும் திருத்தமாட்டேன் என்று ஓர் ஆசிரியர் உட்கார்ந்தால் அவரை என்ன செய்வீர்கள்?

நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2007-ஆம் வருடச் சட்டப்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வந்தது, சென்னையிலும் அமர்வு உண்டு. அந்தத் தீர்ப்பாயம் நல்ல காரியங்கள் செய்திருக்கிறது. 1999 கார்கில் போரில் பத்தாலிக் பகுதியில் படை நடத்திய பிரிகேடியர் தேவிந்தர் சிங், தான் செய்ததை மேலதிகாரியின் அறிக்கை மறைத்துவிட்டது என்று வழக்குப் போட்டார். 2010 மே மாதம் தீர்ப்பாயம் அதை ஏற்று, போர் ஆவணத்தையே திருத்தச் சொன்னது. போரின் எழுதப்பட்ட கதையும் தவறாக இருக்கலாம், அதைத் திருத்த முடியும் என்று சட்டமே சொல்லிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பு பெரிய நம்பிக்கை. ஆனால் ஒரு பிரிகேடியருக்கே 11 வருஷம் ஆனது. ஆம்புலன்ஸ் ஓட்டிய நாயக்குக்கு எத்தனை வருஷம்? அவரிடம் அத்தனை வருஷம் இருக்கிறதா?

இதைத்தான் நான் கோபத்தோடு கேட்கிறேன். அவரோடு அந்த வண்டியில் உதவியாளாக இருந்தவர் நாமக்கல் பக்கத்துக்காரர். 'ஆமாம், இவர் என்னோடு அகர்தலாவில் இருந்தார்' என்று சத்தியப் பிரமாணம் எழுதிக்கொடுத்தார். அனுப்பினோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பதிலில் இல்லை. அவர் போன வருஷம் இறந்துவிட்டார். சாட்சிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அலுவலகம் இன்னும் பத்து வருஷம் பதில் போடாமல் இருந்தால் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும். அதுதான் திட்டமா என்று சந்தேகப்பட வைக்காதீர்கள்.

வெற்றியின் 50-ஆம் ஆண்டைப் பெரிதாகக் கொண்டாடினோம். டெல்லி தேசியப் போர் நினைவகத்திலிருந்து நாலு திசைக்கும் வெற்றிச் சுடர் அனுப்பினோம். நல்லது, கொண்டாட வேண்டியதுதான். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 7 கொடிநாள். 33 வருஷமும் என் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடிநாள் நிதி வசூலித்துக் கட்டியிருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்தையே நம்பியிருந்த பிள்ளைகள்கூட காசு கொண்டுவந்து நீட்டிச் சட்டையில் கொடி குத்திக்கொள்ளும். 'எதுக்கு டீச்சர் இந்தக் காசு?' என்று கேட்டால், 'நமக்காகப் போருக்குப் போனவங்களுக்கு' என்பேன். அந்தப் பிள்ளைகளிடம் நான் சொன்ன வார்த்தைக்கு அரசும் கொஞ்சம் பொறுப்பேற்க வேண்டாமா?

கோரிக்கைகள் பெரிதாக ஒன்றுமில்லை.

ஒன்று: பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று மனு வந்தால், தேட வேண்டியது ஆவண அலுவலகம். இரண்டு அலுவலகத்துக்கு நடுவே எண்பது வயதுக்காரரைத் தபால்காரராக ஆக்காதீர்கள்.

இரண்டு: களத் தபால் முத்திரை, உடன் பணியாற்றியவரின் பிரமாணம், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றைத் துணை ஆதாரமாக ஏற்றுப் பரிசீலியுங்கள். ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று காரணம் எழுதுங்கள்.

மூன்று: 75 வயது தாண்டியவர்களின் மனுவுக்கு 90 நாள் கெடு வையுங்கள்.

நான்கு: மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் ஒருமுறை சிறப்பு முகாம் போட்டு, 1962, 1965, 1971 போர்க்காலத்தில் பணியாற்றியவர்களின் டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்து, விடுபட்டதைப் பட்டியலிடுங்கள். வாக்காளர் பட்டியலுக்கு வீடு வீடாகப் போகிற நாட்டுக்கு இது முடியாதா?

ஐந்து: அவர் இறந்துவிட்டால் மனைவியோ பிள்ளையோ அதே மனுவைத் தொடர முடியும் என்று தெளிவாக உத்தரவு போடுங்கள்.

இனி இதைப் படிக்கும் பட்டாளத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு. இன்றைக்கே அப்பாவின், தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக்கை எடுங்கள். எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பதக்கப் பக்கத்தையும் காயம் பற்றிய பக்கத்தையும் அவர் எதிரில் வாசித்துக் காட்டி, விட்டுப்போனது உண்டா என்று கேளுங்கள். பழைய கடிதங்களை எடைக்குப் போடாதீர்கள், அந்த முத்திரைகள்தான் சாட்சி. கூட இருந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஷீட் ரோல் நகல் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். எதை அனுப்பினாலும் சேர்ந்ததற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள். மறுப்பு எழுத்தில் வந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாயத்துக்குப் போக ஆறு மாதம்தான். கடந்துவிட்டாலும் காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்.

ஆங்கிலத்தில் எழுத யாரும் இல்லையென்றால் உங்கள் ஊர்ப் பழைய வாத்தியாரிடமோ டீச்சரிடமோ போங்கள். ஓய்வு பெற்றுச் சும்மாதான் இருக்கிறோம். சக ஆசிரிய நண்பர்களுக்கும் இதையே சொல்கிறேன். ஊருக்கு ஒருவர் உட்கார்ந்து மனு எழுதினால் போதும். ஏழாவது கடிதத்தை நான் நேற்றே தபாலில் போட்டுவிட்டேன்.